தனிக் கம்பி

பாகலூர் ரோட்டில் இருந்த ஒரு கரியடுப்புக் கடையின் மேல் எனக்கு வந்த பொறாமை இன்றுவரை முழுசாகத் தீரவில்லை. கடைக்கார அக்காவின் மேல் பொறாமை என்று சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரியாகக் கண்ணைச் சுருக்குகிறார்கள். அந்தக் கதையெல்லாம் இல்லை. அந்த அக்காவுக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியில் நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். என் கணவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் நினைக்கிற மாதிரிப் பொறாமையாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அம்மா வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தியிருப்பேன், நாலு பெரியவர்களைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன். என் புருஷன் இன்னொருவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வயிறு கெடாமல் வீடு திரும்புகிறார் என்று யாரிடம் போய் முறையிடுவது?

எங்களுக்குக் கல்யாணமானது எண்பதுகளின் நடுவில். நான் நாகரசம்பட்டிக்காரி. வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. அங்கிருந்து ஓசூருக்கு வந்து, ஹவுசிங் போர்டு பக்கம் ஓட்டு வீடு ஒன்றில் குடித்தனம் வைத்தேன். அவர் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டர். சின்ன வயதிலிருந்து ராகிக் களி தின்று வளர்ந்த உடம்பு அவருடையது. கம்பெனி கேண்டீனிலோ காலையில் பூரி, மத்தியானம் சப்பாத்தி, நாலு மணி டீயோடு பன். புது மாப்பிள்ளை ஆசையாகத்தான் எல்லாவற்றையும் தின்றிருக்கிறார். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை அடுத்த பொங்கலுக்குள் தொளதொளவென்று ஆகிவிட்டது. வாயெல்லாம் புண், வயிற்றுப்போக்கு, படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருவர் காமாலை என்றார், ஒருவர் அமீபா என்றார். செய்வினை என்று என் மாமியார் ஒரு தகட்டை வாங்கி வந்து நிலைப்படியில் அடித்துவைத்தார்.

கடைசியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டு, இந்தக் குடலுக்குக் கோதுமை ஆகாது என்றார் டாக்டர். சப்பாத்தி, பூரி மட்டுமல்ல, மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பிரட் எல்லாம்தான். பார்லியும் கூடாது. ஒரு சிட்டிகை போனாலும் குடல் புண்ணாகும். இவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "இதுக்கு மருந்து கிடையாதும்மா. சாப்பாடுதான் மருந்து. இனிமே இவர் உடம்பு உங்க கையிலதான் இருக்கு."

அந்த வார்த்தையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா? கலெக்டர் வேலைக்கு ஆர்டர் வாங்கியவள் மாதிரி ஊர் திரும்பினேன். வீட்டிலிருந்த கோதுமை மாவு, ரவை டப்பா எல்லாம் அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. தோசைக்கல் புதுசு, சல்லடை புதுசு. மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே ராகியைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நானே யோசித்துக் கண்டுபிடித்து, மில்லைத் துடைத்துத் திறக்கிற நாளில் முதல் ஆளாகப் போய் நின்றேன். மில்காரர் என்னைக் கண்டாலே முணுமுணுப்பார். உறவுக்காரர்கள் வந்தால் வாசலிலேயே கையைப் பார்ப்பேன். "கோதும தொட்ட கையோட என் சமையல்கட்டுக்குள்ள வராதீங்க" என்று என் மாமியாரிடமே சொன்னேன். பேரப்பிள்ளைகளுக்கு பிஸ்கட் பிட்டுக் கொடுத்த கை அது. அவர் முகம் சுண்டிப்போனது. நான் இறங்கி வரவில்லை.

எனக்குப் பரோட்டா என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரிக்குப் போனால் அப்பாவை நச்சரித்து வாங்கித் தின்னாமல் திரும்பியதில்லை. அதையும் விட்டேன். அவர் தின்ன முடியாததை நானும் தின்பதில்லை என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை, நானே செய்துகொண்டதுதான். ஆனால் ரோட்டில் போகும்போது பரோட்டா மாஸ்டர் மாவை வீசுகிற சத்தம் கேட்டால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் மேலும் எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் உடம்பு தேறியது. வாய்ப்புண் போனது, கன்னம் கொஞ்சம் பூசியது. முழுசாக என்று சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்பிக்கொள்ளும், சில நாள் காலையில் நாலைந்து தடவை ஓட வேண்டியிருக்கும். குடல் ஆற நாளாகும் என்று டாக்டர் சொன்னார். நாளாகட்டும், நான் எதற்கு இருக்கிறேன்? வாயுவுக்குப் பெருங்காயத்தைவிட நல்லது ஏதாவது உண்டா? சாம்பாரிலும் ரசத்திலும் எங்கள் அம்மா போடுவதைவிட ஒரு பங்கு கூடவே போட்டேன். வயிறு உப்பின நாளில் கட்டிப் பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏப்பம் விடுவார், எனக்கு நிம்மதியாக இருக்கும்.

கல்யாண வீடுகளில் பந்தியில் அவர் இலையில் நான் எடுத்துப் போன டப்பாவிலிருந்துதான் சோறு விழும். "அவ கையால சாப்பிட்டுத்தாங்க அந்த மனுசன் நடமாடறாரு" என்று பின்வரிசையில் யாராவது சொல்வார்கள். காதில் விழாத மாதிரி ரசத்தை ஊற்றுவேன். உலகத்தில் ஒரு மனிதர் என் கையால் மட்டும்தான் சாப்பிட முடியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. நகை நட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பாகலூர் ரோட்டில் அந்தக் கடை வந்தது. தகரக் கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு. முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி, அதில் கரி கனன்றுகொண்டே இருக்கும். கம்பியில் கறியைக் குத்திச் சுட்டுக் கொடுப்பார்கள். கறியை ஊறவைப்பதும் கல்லாவில் உட்காருவதும் அந்த அக்கா, அடுப்பில் நிற்பது அவருடைய வீட்டுக்காரர். கம்பெனி பஸ் அந்த முனையில் நின்றதால் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஆட்கள் அங்கேதான் இறங்குவார்கள். இவரும் சிநேகிதர்களோடு இறங்கி ஒரு சோடா குடித்துவிட்டு வருவார். சோடா மட்டும்தான். அது எனக்குத் தெரிந்ததால் கவலைப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை களியைக் கிண்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு வேணாம், சாப்ட்டேன்" என்றார்.

"எங்க?"

"கரிக்கடையில. அந்த அக்கா தனியா பண்ணிக் குடுத்தாங்க."

அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது இது. வாரா வாரம் சோடாவை வைத்துக்கொண்டு மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை அந்த அக்கா கவனித்து, ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டிருக்கிறார். இவர் குடல், குழாய், டாக்டர் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கூடப் பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்ட மனிதர், மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, இன்றைக்கு அந்த அக்கா ஒரு இலையைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, பயப்படாமல் சாப்பிடு தம்பி என்றிருக்கிறார்.

மோரைக் கரைத்து மூடி வைத்தேன், திங்கட்கிழமை இவர் வரமாட்டார் என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பப் பக்கத்து வீட்டு ஆளிடம் முன்கூட்டியே பேசி வைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் எழுந்து குளித்து, இட்லியை இரண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தார். ஒன்றுமே ஆகவில்லை. மனைவியாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம்தான்.

அடுத்த வாரமும் சாப்பிட்டார். அதற்கடுத்த வாரம் நானும் கிளம்பிவிட்டேன். கடையில் குறை கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். அங்கே ஒரு ஓரத்தில் பரோட்டாக் கல்லும் உண்டு என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் மாவை வீசிக்கொண்டிருந்தால் சுற்றிலும் மைதா பறக்காதா? அதே கையில் கம்பியைத் தொட்டால்? கறி மசாலாவை இறுக்க மைதா போடாத கடை உண்டா? நெஞ்சு நிறையக் கேள்விகளை வைத்திருந்தேன்.

போனபோது மாஸ்டரே இல்லை. பிசைந்த மாவு ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. கரி அப்போதுதான் சிவந்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சுவரின் அந்தக் கோடியில் ஒரு ஆணியில் தனியாகத் தொங்கிய நாலைந்து கம்பிகளை எடுத்தார். பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சுட்டு முடித்த பிறகுதான் மாவின் துணியையே எடுத்தார்கள்.

"மசாலாவுல மாவு என்னா போடறீங்க?" என்று கேட்டேன்.

"பொட்டுக்கடலம்மா. நானே வூட்டுல இடிச்சது. மில்லுக்குக் குடுக்கறதில்ல. அங்க கோதும அரைப்பாங்கல்ல."

எனக்குச் சுருக்கென்றது. மில் விஷயம் என்னுடையது, நான் கண்டுபிடித்தது.

"கறி மேல எண்ணெ தடவற துணி?"

"துணி எதுக்கு? பாதி வெங்காயத்தக் குச்சியில குத்தித் தடவறது. தம்பிக்குத் தனி வெங்காயம்."

"தட்டு?"

"எல பாத்தியா?" என்று சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் என்னா தெரியும்? வூட்டுல நீ எப்பிடி எப்பிடிப் பண்றேன்னு தம்பி சொல்லுச்சு. அதத்தான் நானும் பண்றேன்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. என் சட்டத்தை எடுத்து என் ஆளையே கடத்திக்கொண்டு போகிறார், அதையும் பாராட்டாகச் சொல்கிறார். எனக்கும் ஒரு இலையில் கறி வந்தது. ருசியாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வாயில் போட்டேன். ஓரம் கருகி, உள்ளே பூப்போல வெந்து, எலுமிச்சையும் மிளகாயும் நாக்கில் நின்றன. எதிரே இவர் சிநேகிதர்களோடு முழங்கையை விரித்து உட்கார்ந்து, எலும்பை உறிஞ்சிக்கொண்டு, யாரோ சொன்னதற்குப் புரையேறச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் சாப்பிடுவது மருந்து குடிக்கிற மாதிரி இருக்கும். தலை நிமிராமல் தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பை என் சமையலுக்கு அவர் சிரித்ததே இல்லை.

இரண்டு மூன்று மாதம் போனது. சனிக்கிழமை வந்தால் என் வீட்டில் உலை வைக்கும் வேலை ஒரு ஆளுக்குத்தான். ஒருநாள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சாதாரணமாகச் சொன்னார்: "என்னமோ தெரியல. அங்க சாப்ட்டா வயிறு லேசா இருக்குது."

அங்கே சாப்பிட்டால் வயிறு லேசாக இருக்கிறதாம். அப்படியென்றால் இங்கே சாப்பிட்டால் கனமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பாத்திரங்கள் பட்ட பாடு அவற்றுக்குத்தான் தெரியும்.

அந்தக் கறியை என் வீட்டிலேயே சுட்டுக் காட்டுவது என்று தீர்மானித்தேன். அக்காவிடம் போய்ப் பக்குவம் கேட்டேன். ஏதாவது ஒன்றை மறைப்பார், பிறகு குறை சொல்லலாம் என்று நினைத்தேன். அவரோ தயிர் இவ்வளவு, பூண்டு இவ்வளவு, கறி மெத்தென்று ஆகப் பப்பாளிக்காய்த் தோல் ஒரு துண்டு என்று ஒன்று விடாமல் சொல்லி, ஒரு பை கரியையும் கையில் கொடுத்தனுப்பினார். இந்தத் தாராளமும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வாங்கும் அதே கடையில் கறி வாங்கினேன். பட்டறையில் புதுக் கம்பி வெட்டி வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். பொட்டுக்கடலையை நானே இடித்தேன். கொல்லையில் செங்கல் அடுக்கி, பழைய இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்தேன். எல்லாம் அக்கா சொன்ன மாதிரியே. ஒன்றே ஒன்று என் பங்குக்குச் சேர்த்தேன். கறி வாயுவாயிற்றே, இவருக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று, நல்ல பெரிய கட்டியாகப் பெருங்காயத்தை ஊறவைத்துக் கரைத்து மசாலாவில் ஊற்றினேன்.

புகையில் கண்ணெரிய, முதல் கம்பியை உருவி இலையில் வைத்தேன். தின்று பார்த்துவிட்டு, "அக்கா கடையவிட வாசனையா இருக்குதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இன்னொரு கம்பி கேட்டார், இன்னொன்று கேட்டார். அன்றைக்கு வந்திருந்த மாமியாருக்கும் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் காலையில் அவருக்கு வயிறு போக ஆரம்பித்தது. இந்த மாதிரி அவதி பெங்களூர் போவதற்கு முன்னால்தான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை சில்லிட்டு, கண் குழிந்துபோய், கட்டிலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். வாரம் முழுக்க வேலைக்குப் போக முடியவில்லை. "கடையில கண்டதத் தின்னுட்டாரா?" என்று தெருவில் கேட்டார்கள். இல்லை, நான் சுட்டதைத்தான் தின்றார் என்று ஒவ்வொருத்தரிடமும் என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

சிநேகிதர்கள் சொல்லித் தெரிந்துகொண்டு அந்த அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் நான் சொல்லாமலே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, சமையல்கட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"நீங்க சொன்னது போலத்தாங்க்கா பண்ணேன். ஒண்ணு மாத்தல."

"கறி?"

"உங்க கடைக்குப் போடறவருகிட்டதான்."

"கம்பி, கரி, கடல மாவு?"

எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"வேற எதுனா சேத்தியாம்மா?"

"பெருங்காயம் கொஞ்சம். அது வயித்துக்கு நல்லதுதானே."

அக்கா யோசித்தார். "அது எங்க வூட்டுச் சமையல்ல கெடையாது. அதுல என்னா இருக்கும்?"

"பெருங்காயத்துல பெருங்காயம்தாங்க்கா இருக்கும்."

"எனக்குத் தெரியாதும்மா, அதான் கேட்டேன்" என்றார் அவர். கட்டிலின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. என் அம்மா போட்டது, அவளுக்கு அம்மா போட்டது, அதைப் போய் அந்த அக்கா சந்தேகப்படுவதா? அவருக்குச் சரியான பதில் வாங்கிக்கொண்டு போய் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன் என்றுதான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மாதச் சாமான் வாங்கும் மளிகைக்கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். கட்டியைக் காட்டி, இதில் பெருங்காயம் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். வேறொருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"மைதா இருக்கும், பிசின் இருக்கும். பச்சப் பெருங்காயத்த அப்படியே போட்டா யாரு தின்ன முடியும், அத்தன காரம். மைதாவுல பெசஞ்சுதாம்மா கட்டி பண்றது. கொத்தில்லவா, தெரியாதா உனக்கு?"

எனக்குத் தெரியாது. மில்காரரைப் படுத்தி எடுத்த எனக்கு, மாமியார் கையைக்கூடச் சோதித்த எனக்கு, தெரியவில்லை. வயிறு உப்பும்போதெல்லாம் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். மோரில் கரைத்துக் கொடுத்ததும் மைதாதான், இந்த வாரம் அவர் படுத்தபடி குடித்ததும் மைதாதான். கடையில் இரண்டு பேர் சாமான் கேட்டு என்னை இடித்துக்கொண்டு நின்றார்கள். நான் நகரவில்லை. அவருக்காக நெஞ்சு பதறியது உண்மைதான். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு முன்னால் ஓடி வந்து நின்றது பொறாமை. அங்கே சாப்பிட்டால் வயிறு லேசாக இருக்கிறது என்று அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. அந்தச் சமையலில் பெருங்காயம் கிடையாது. இத்தனை காலம் அவருக்கு உலகத்தில் பத்திரமான இடம் என் அடுப்புதான் என்று நினைத்திருந்தேன். அது பாகலூர் ரோட்டில் இருந்திருக்கிறது.

பெருங்காயத்தை டப்பாவோடு சேர்த்துச் சாக்கடையில் போட்டேன். பெருங்காயம் இல்லாத ரசத்துக்கு நாக்குப் பழகச் சில மாதங்கள் ஆயின. ஆனால் அவர் உடம்பு அப்படித் தேறியது. வயிறு உப்பல் நின்றது, சட்டையை அகலப்படுத்தித் தைக்க வேண்டி வந்தது. கம்பெனியில் எல்லாரும் கரிக்கடை அக்காவின் கைராசி என்றார்கள். பெருங்காயத்தை நிறுத்தியது நான்தான் என்று ஒரு கல்யாண வீட்டில் நானே சொல்லிப் பார்த்தேன். அதை எதற்குப் போட்டாய் என்று கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் கம்பெனியில் அவரைப் புனேவுக்கு டிரெயினிங்குக்கு அனுப்பினார்கள். பொடியும் அவலும் ராகி மாவும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு நான் தனியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது பரோட்டா வாசனை வந்தது. வீட்டில் அவர் இல்லை, சமைக்கிற பாத்திரத்தில் ஒட்டப்போவதில்லை, எனக்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. கரிக்கடைக்குள் போய், அக்காவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பரோட்டா கேட்டேன். அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னார்.

சூடாக வந்தது. விரல் எரிய எரியப் பிய்த்து, சேர்வைக் குழம்பில் தோய்த்து, சுட்ட கறியோடு தின்றேன். இத்தனை வருஷம் ரோட்டில் நின்று வயிறெரிந்தது வீண் இல்லை என்று தெரிந்தது. அக்கா இன்னொன்று வைத்தார், அதையும் தின்றேன். அவர்மேல் இருந்த கசப்பெல்லாம் அந்த நேரத்துக்குக் காணாமல்போய்விட்டது.

கூட்டம் ஏறியது. அடுப்படியில் கம்பி போதவில்லை என்று அக்காவின் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான்தான் சுவருக்குப் பக்கத்தில் இருந்தேன். உதவலாம் என்று எழுந்து, ஆணியில் சும்மா தொங்கிய சிவப்பு நூல் கம்பிகளை எடுக்கக் கையை நீட்டினேன்.

"ம்மா, அதத் தொடாத" என்றார் அக்கா. "கையில மைதா இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். என் மாமியாரிடம் நான் சொன்னதைவிட எவ்வளவோ மரியாதையாகச் சொன்னார். நீட்டிய கை அப்படியே நின்றது. என் புருஷனுடைய கம்பியைத் தொட எனக்குத்தான் அங்கே உரிமை இல்லை.

"பொதங்கெழம வருதில்ல தம்பி" என்றார் அவர், சேர்வையை ஊற்றிக்கொண்டே. "பஸ்ஸு எறங்கி நேரா இங்கதான் வருவேன்னு சொல்லிட்டுப் போச்சு. அதான் கழுவி மாட்டி வெச்சிருக்குது."

புதன்கிழமை வருகிறார் என்பது எனக்கும் தெரியும். நேராக எங்கே வருகிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் கொல்லைப்பக்கம் போய் சோப்புக் கட்டியைக் கேட்டு வாங்கி, முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். நகத்துக்குள் ஒரு குச்சியை விட்டுச் சுத்தம் செய்தேன். திரும்பி வந்து அக்காவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிஜமாகவே பார்த்தார். பிறகு தலையாட்டினார். நான் ஆணியிலிருந்து கம்பிகளைக் கழற்றி, புது வாழையிலை ஒன்றில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டேன்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போற? தம்பி வந்து கேட்டா நான் என்னா சொல்றது?"

"அவரு பொண்டாட்டி எடுத்துட்டுப் போய்ட்டான்னு சொல்லுங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புதன்கிழமை நான் பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்று அவரைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கொல்லையில் அந்தக் கம்பிகளில், பெருங்காயம் இல்லாமல் சுட்டுக் கொடுத்தேன். நன்றாகத் தின்றார், நன்றாகத் தூங்கினார், மறுநாள் வேலைக்கும் போனார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அவரோடு நானும் கடைக்குப் போனபோது, சுவரில் அதே ஆணியில் புதுக் கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. பிடியில் சிவப்பு நூலும் சுற்றியாகிவிட்டது.